வடசென்னைக் கடலும் மீன்வளமும்: வாசகர் கேள்வி–பதில்

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை கரையோர வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் ஊரும் தொழிலும் மட்டுமே தரப்படுகின்றன.

தடைக்காலம் தொடங்கியதும் மீன் விலை ஏறுகிறது. ஆனால் சந்தையில் மீன் இல்லாமல் போவதில்லை. தடை என்றால் முழுத் தடை இல்லையா? வயிறு நிறையச் சினையோடு மீன் விற்கிறார்களே, அது சட்டப்படி சரியா?
– இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடப்பில் இருக்கும் தடை, விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் மட்டுமே உரியது. கட்டுமரமும், வெளியே இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகும் கரையோரத்தில் தொழில் செய்யத் தடையில்லை. எனவே அந்த இரண்டு மாதங்களில் உங்கள் தெருவுக்கு வரும் நெத்திலி, மடவை, நண்டு போன்றவை பெரும்பாலும் இந்தச் சிறு படகுகள் கொண்டுவந்தவை. மேற்குக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது என்பதால், மே மாதம் முடியும்வரை கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் மீன் வந்துகொண்டிருக்கும். ஆந்திரக் குளங்களில் வளர்த்த கட்லாவும் ரோகுவும் ஆண்டு முழுவதும் வருபவை.

சினை மீன் விற்பது குற்றமில்லை. வெப்பக் கடலில் வாழும் மீன்கள் எல்லாம் ஒரே மாதத்தில் முட்டையிடுவதில்லை. சில இனங்கள் ஆண்டில் இரு முறையும், சில ஏறத்தாழ ஆண்டு முழுவதும் விட்டுவிட்டும் முட்டையிடுகின்றன. எந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சில இனங்களுக்கே அது பொருந்தும். தடையால் உறுதியாகக் கிடைக்கும் பயன், இழுவைப் படகுகள் இழுத்துச் செல்லும் பை போன்ற மடி வலை இரண்டு மாத காலம் கடலின் அடித்தரையைச் சுரண்டாமல் இருப்பதுதான். அடித்தரையில் ஒட்டி வாழும் புழுக்களும் சிப்பிகளும் பாசியும் அவற்றைத் தின்று வளரும் குஞ்சுகளும் அந்த இடைவெளியில் சற்றே தலைதூக்குகின்றன.

அந்தப் பயன் ஜூன் 15-க்குப் பிறகு எவ்வளவு காலம் நிற்கிறது என்பதே எங்கள் கவலை. படகுகள் முதல் முறை திரும்பும் நாளில் காசிமேட்டில் கூட்டம் அலைமோதும், படங்கள் வெளியாகும், ‘மீன்வரத்து அமோகம்’ என்று செய்தி வரும். ஒருமுறை ஏலம் நடக்கும் இடத்தைத் தாண்டிச் சென்று, ஐஸ்கூடப் போடாமல் லாரியில் அள்ளப்படும் கழிவு மீன் குவியலைப் பாருங்கள். விரல் நீளச் சங்கரா, காரப்பொடி, பன்னா, தீப்பெட்டியளவு நண்டு, உருத்தெரியாமல் நசுங்கிய கடம்பாக் குஞ்சு என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகும் இந்தக் குவியலில், மூன்று நான்கு மாதம் விட்டிருந்தால் கிலோ கணக்கில் விலைபோயிருக்கும் மீன்களே அதிகம். மடியின் கடைசிப் பகுதியில் கண்ணியின் அளவு 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று மாநில விதி இருக்கிறது. அந்த விதியை ஆண்டு முழுவதும் நடைமுறைப்படுத்தாமல் 61 நாள் தடையை மட்டும் கண்டிப்பாகக் காப்பது, இரண்டு மாதம் சேமித்த பணத்தை மூன்றாம் மாதத் தொடக்கத்திலேயே செலவழிப்பதற்கு ஒப்பாகும்.

நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். தடைக்கால நிவாரணத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழையால் எப்படியும் கடலுக்குப் போக முடிவதில்லை. தடையை அந்த மாதங்களுக்கு மாற்றினால் என்ன? மேலும், மீனவனுக்கு 61 நாள் தடை என்றால், கடலில் கழிவைக் கொட்டும் ஆலைக்கு எத்தனை நாள் தடை?
– படகுத் தொழிலாளி, காசிமேடு

நிவாரணம் போதாது என்பதில் இரண்டாம் கருத்துக்கே இடமில்லை. உயர்த்தப்பட்ட பிறகுள்ள 8,000 ரூபாயை 61 நாளுக்குப் பிரித்தால், ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய் வருகிறது. படகு உரிமையாளருக்குத் தடைக்காலம் என்பது இன்ஜின் பார்ப்பதற்கும் பலகை மாற்றுவதற்கும் வண்ணம் பூசுவதற்கும் கிடைக்கும் அவகாசம். பங்குக்கும் கூலிக்கும் போகும் உங்களுக்கு அது வருமானமே இல்லாத காலம். இவ்விருவரையும் ஒரே தொகையால் ஈடுசெய்யும் முறை மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

மாதத்தை மாற்றும் யோசனையை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. பல மீனவர் சங்கங்களும் முன்வைக்கும் கோரிக்கைதான் அது. அதன் பின்னால் உள்ள வருத்தமும் புரிகிறது. ஆனால் எப்படியும் படகு போகாத மாதங்களில் தடை வைத்தால், கடலில் விழும் வலையின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது. ஒரு தடை கடலுக்குப் பயன்பட வேண்டுமானால், தடை இல்லாவிட்டால் பிடித்திருக்கக்கூடிய நாளில்தான் அது இருந்தாக வேண்டும். வலிக்காத தடை வேலையும் செய்யாது என்பது கசப்பான கணக்கு. அந்த வலியை யார் எவ்வளவு சுமப்பது என்பதைத்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்வியே இந்த இதழின் முக்கியமான கேள்வி. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளது. எந்தப் படகு, எத்தனை குதிரைத்திறன், எந்த வலை, கரையிலிருந்து எத்தனை கடல் மைல் என்று மீன் பிடிப்பவரை அது வரிவரியாகக் கட்டுப்படுத்துகிறது. மீன் பிறந்து வளரும் நீரைக் கெடுப்பவரைப் பற்றி அதில் பேச்சில்லை. அதற்கு வேறு சட்டம், வேறு துறை, வேறு அலுவலகம். மீன்வளத்துறை படகைப் பார்க்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குழாயைப் பார்க்கும். மீனை முழுதாகப் பார்க்க யாருமில்லை. அடுத்த பதிலையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டுகிறோம்.

எண்ணூர் கழியில் முன்பு இறால் அள்ளினோம். இப்போது வலையை இழுத்தால் சேறுதான் வருகிறது. கழி செத்தால் கடல் மீனும் குறையும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? ஆற்றுக்கும் ஆழ்கடலுக்கும் என்ன தொடர்பு?
– மீனவர், எண்ணூர்

உங்கள் பெரியவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. அதற்கு இறாலே சாட்சி. வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து, ஓதத்தோடு, அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கத்தோடு, முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் நுழைகின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த அந்தச் சவர் நீரில், அலையாத்தி வேர்களுக்கிடையிலும் மென்சேற்றிலும் பதுங்கிச் சில மாதங்கள் வளர்ந்து, ஓரளவு பெரிதானதும் கடலுக்குத் திரும்பி முட்டையிடுகின்றன. மடவையும் கொடுவாவும் தம் வாழ்வின் ஒரு பகுதியைக் கழியில் கழிப்பவையே. ஆகவே பத்துக் கடல் மைலுக்கு அப்பால் விசைப்படகு பிடிக்கும் இறாலின் ஒரு பங்கு, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் வளர்ந்ததாக இருக்கக்கூடும். காசிமேட்டுப் படகுத் தொழிலாளிக்கும் உங்களுக்கும் தொழில் ஒன்றல்ல, ஆனால் நாற்றங்கால் ஒன்றுதான்.

இந்தக் கழிக்கு நேர்ந்தது ஒரே நாளில் நேர்ந்ததன்று. அனல்மின் நிலையத்திலிருந்து நிலக்கரிச் சாம்பலை நீரோடு கலந்து சாம்பல் குட்டைக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்தன. சாம்பல் வெறும் அழுக்கன்று. அது நீரின் அடியில் படிந்து இறுகிவிடும். ஆளுயரத்துக்கு மேல் நீர் நின்ற இடங்கள் முழங்காலளவுக்கு மேடேறின. ஆழம் குறைந்ததும் ஓதம் உள்ளே வரும் தொலைவு குறைந்தது. ஓதம் குறைந்ததும் நீர் தேங்கியது. இதனுடன், குளிர்விப்பான்களிலிருந்து வெளியேறும் வெந்நீர் சேர்ந்தது. இறால் குஞ்சுக்குத் தேவையான மென்சேறு, மிதமான வெப்பம், ஓதத்தின் போக்குவரத்து ஆகிய மூன்றுமே ஒருங்கே கெட்டன. எந்த வலைக் கட்டுப்பாடும் இதைச் சரிசெய்யாது.

அதற்கு மேல் எண்ணெய். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கெட்டியாகக் குவிந்தபோது, இளைஞர்கள் வாளியால் அதை அள்ளிக் கொட்டிய காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது நடந்தது அதைவிட மோசமானது என்றே சொல்வோம். மணலித் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள் புகுந்தது. திறந்த கடலில் கொட்டும் எண்ணெயை அலை சிதறடிக்கும். கழியில் அதற்குப் போக்கிடம் இல்லை. படகின் பக்கவாட்டிலும் வலையின் ஒவ்வொரு கண்ணியிலும் அலையாத்தித் தண்டிலும், ஓதம் ஏறி இறங்கும் உயரம்வரை கறுப்புப் பட்டையாக அது ஒட்டிக்கொண்டது. வலை கழுவினால் போகும் பொருளன்று. வலை போனால் மீனவருக்கு முதலே போயிற்று.

சட்டம் இல்லாமலா இவையெல்லாம் நடந்தன? 1991-ஆம் ஆண்டிலேயே, கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்துவிட்டது. ஓதம் பாயும் கழிகளும் ஆறுகளும், நீரில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம்வரை, அந்தப் பாதுகாப்புக்குள் அடங்கும். அலையாத்தியும் ஓதம் ஏறி இறங்கும் நிலமும் அதில் மிகக் கடுமையான பிரிவைச் சேர்ந்தவை. 2011-இல் அறிவிக்கை புதுப்பிக்கப்பட்டபோது, கழியின் இரு கரையிலும் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இவற்றில் எது குறைவோ அதுவரை பாதுகாப்பு இருந்தது. 2019-இல் அந்த 100 மீட்டர் 50 ஆகச் சுருங்கியது. இதில் ஒரு சூட்சுமத்தைக் கவனியுங்கள். பாதுகாப்பின் எல்லையை ஓதமும் உப்பும் எட்டும் தொலைவே தீர்மானிக்கிறது. சாம்பல் படிந்து ஓதம் பின்வாங்கினால், நாளை அளக்க வருபவருக்கு எல்லையும் பின்வாங்கியதாகத் தெரியும். கழியைத் தூர்ப்பவருக்குச் சட்டமே இடம்விட்டு நகர்ந்து கொடுக்கும் இந்த நிலையைத் தடுக்க, தூர்வதற்கு முன் கழி இருந்த நிலையைக் காட்டும் பழைய வரைபடத்தையே எல்லைக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

சாம்பல், ஆக்கிரமிப்பு ஆகியவை தொடர்பான வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் கழியை மீட்டெடுக்க உத்தரவிட்டது. தூர் வாருவதும் அலையாத்தி நடுவதும் பேசப்படுகின்றன. நடுவது எளிது, படம் எடுக்கவும் அழகாக இருக்கும். ஆனால் ஓதம் வந்துபோகும் வழியைத் திறக்காமல் நட்ட கன்று பிழைக்காது. குழாய்க் கசிவை நிறுத்தாமல் தூர் வாருவதும் வீண் செலவு. எதை முதலில் செய்ய வேண்டும் என்று உங்கள் குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டால், எந்த இடத்தில் ஓதம் தடைபடுகிறது என்று விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள். குழுக்களில் அவர்களுக்கு ஒரு நாற்காலியும், அவர்கள் சொல்வதற்கு அறிக்கையில் ஒரு பக்கமும் தரப்பட வேண்டும்.

எங்கள் பகுதியில் ‘காக்கா ஆழி’ என்று ஒரு சிப்பி பரவிவிட்டது. அதைத் தின்ன முடியாதா? விற்க முடியாதா? அது ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினையாகப் பேசப்படுகிறது?
– மீன் வியாபாரி, காட்டுக்குப்பம்

அது தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு மட்டி இனம். கப்பல்கள் நிலைப்புக்காக ஒரு துறைமுகத்தில் நிரப்பி மற்றொரு துறைமுகத்தில் இறைக்கும் நீரிலும், கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் இத்தகைய உயிரினங்கள் கடல் தாண்டுகின்றன. கேரளத்துக் காயல்களில் நமக்கு முன்பே இது பரவியது.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அபாயம் தெரியாது. பழுப்பும் கறுப்புமாக, விரற்கடை நீளத்தில் சாதுவாக இருக்கும். ஆனால் அதைத் தனியாக எடுக்கவே முடியாது. நூல் போன்ற இழைகளைச் சுரந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், ஒன்றை இழுத்தால் சேற்றோடு ஒரு பாயே பெயர்ந்து வரும். அந்தப் பாய் ஆற்றின் தரையை மூடிவிட்டால், சேற்றுக்குள் புதையும் மஞ்சள் மட்டிக்கு மூச்சுவிட வழியில்லை. இறாலுக்குப் பதுங்க இடமில்லை. மிக அதிகமாக அடிபட்டவர்கள் வலையும் படகும் இல்லாமல் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் குனிந்து, சேற்றில் விரல்களைப் பரப்பி இறாலின் துள்ளலை உணர்ந்து பிடிக்கும் தொழில் அது. அந்த விரல்கள் இப்போது சேற்றைத் தொடுவதற்கு முன் ஓட்டின் விளிம்பைத் தொட்டு அறுபடுகின்றன.

தின்பதைப் பொறுத்தவரை, மட்டி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் உள்ள நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் கழியில் எடுத்த எந்த மட்டியையும் உணவாகப் பரிந்துரைக்க மாட்டோம். இயந்திரம் கொண்டு அள்ளுவதுதான் வழி என்றால், பெயர்க்கும்போது உதிரும் துண்டுகள் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளாதபடி கரையேற்றி, நீர் எட்டாத இடத்தில் கொட்ட வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் திருவொற்றியூர்க் கரையில் பெரிய ஆமைகள் செத்து ஒதுங்குவதைப் பார்த்தேன். நோயா, நஞ்சா? மீனவர்கள் வேண்டுமென்றே கொல்வதில்லை என்று என் நண்பன் வாதிடுகிறான்.
– கல்லூரி மாணவர், திருவொற்றியூர்

உங்கள் நண்பர் சொல்வது சரி. இவை பங்குனி ஆமைகள். முட்டையிடுவதற்காக ஆண்டுதோறும் நம் கரையை நோக்கி வருபவை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தால் அது மூச்சுத்திணறிச் செத்ததன் அடையாளம். ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். மடி வலையைக் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும்போது உள்ளே சிக்கிய ஆமை மேலே வர முடியாமல் மூழ்குகிறது. வலையைத் தூக்கியபின் செத்த ஆமையைக் கண்டால் படகில் உள்ளவர்கள் பாவம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கடலில் விடுகிறார்கள்.

எண்ணம் நல்லதாக இருப்பதால் மட்டும் ஆமை பிழைத்துவிடாது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவது கரையோரக் கடலில். விசைப்படகு அங்கே வரவே கூடாது, 5 கடல் மைலுக்கு அப்பால்தான் வலை விட வேண்டும் என்பது மாநில விதி. இந்த ஒரு விதியைக் காத்தாலே, ஆமையும் தப்பும், கரையோரத்தில் தொழில் செய்யும் ஃபைபர் படகின் வலையும் அறுபடாது. அடுத்தது, மடியில் பொருத்தும் ஆமை விலக்குக் கருவி. சாய்வாக வைத்த ஒரு கம்பிச் சட்டம்தான் அது. மீனும் இறாலும் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும், ஆமை கம்பியில் மோதி மேலே உள்ள திறப்பு வழியே வெளியேறும். கொஞ்சம் மீனும் வெளியேறிவிடும் என்பதால் படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்காமல் நிறுத்தியிருப்பதற்கு இந்தக் கருவி இல்லாததே காரணம். திறப்பு வழியே போகும் மீனையும், மூடிய சந்தையால் போகும் விலையையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுருக்குமடி வலைக்குத் தடையா, அனுமதியா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

இரண்டும் உண்மை. தமிழக அரசு 2000-ஆம் ஆண்டில் இதைத் தடை செய்தது. மாநிலத்தின் அதிகாரம் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை. அந்த எல்லைக்குள் தடை நீடிக்கிறது. அதற்கு அப்பால், பதிவு செய்த படகுகள் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை பயன்படுத்த, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி வழங்கியது. 12 கடல் மைல் போய் வலை விட்டு அதே நாள் திரும்புவது பல படகுகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால்தான் எல்லை மீறலும் கரையில் கைகலப்பும் நடக்கின்றன. ஒரு கூட்டத்து மீனைக் குஞ்சு குளுவானோடு வளைத்து அடியைச் சுருக்கிவிடும் வலை என்பதால், கரையோரக் கடலில் அதற்கு இடமளிக்கக் கூடாது என்ற நிலையே எங்களுடையது.

ராயபுரத்தில் நான் சிறுவனாக இருந்தபோது கரைவலை இழுப்பார்கள். இன்று கரையே இல்லை, கருங்கல்தான் இருக்கிறது. கடல் ஏன் இந்தப் பக்கம் மட்டும் சினம் கொண்டது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ராயபுரம்

கடலுக்குச் சினமில்லை, ஐயா. மணல் வரவுதான் நின்றுபோனது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது சில மாதங்கள் மட்டும் திசை மாறும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதும், வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்கியது. மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையான கரை கரைந்ததும் அதே காரணத்தால்தான். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியபின், அரிப்பு அதற்கும் வடக்கே, கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே உள்ள மெல்லிய மணல்திட்டை நோக்கி நகர்ந்திருக்கிறது.

கல் கொட்டினால் அந்த இடத்துச் சாலையும் வீடும் தப்பும் என்பது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் கல்லின் மேல் கரைவலை இழுக்க முடியாது, ஃபைபர் படகை ஏற்ற முடியாது, வலை உலர்த்தவோ கருவாடு காயவைக்கவோ இடமில்லை, ஆமையும் குழி தோண்ட முடியாது. கல் முடியும் இடத்துக்கு அடுத்த குப்பத்தில் அரிப்பு இன்னும் கூடும். புதிய துறைமுகச் சுவர் எழுப்பும்போதே, தெற்கே சேரும் மணலை வடக்கே கொண்டுபோய்க் கொட்டும் செலவையும் அந்தத் துறைமுகத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவதுதான் நியாயம். இன்று அந்தச் செலவைக் குப்பங்கள் வீடாகவும் கரையாகவும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அரசு சட்டம் போடுவதற்கு முன் மீனவர்களிடம் கட்டுப்பாடே இல்லையா?
– வாசகி, பொன்னேரி

உங்கள் ஊருக்கு அருகிலேயே பதில் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ முறை பல தலைமுறைகளாக நடக்கிறது. ஏரியில் இறால் வலைக்கு ஏற்ற இடங்கள் இவையிவை என்று வரையறுத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைப்பார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்காது. முறை இல்லாதவர் அன்று அந்த வலையை விடமாட்டார். யாரும் காவல் நிற்காமலே வலையின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும். படகு எண்ணையும் குதிரைத்திறனையும் மட்டுமே பார்க்கும் நம் விதிகள், இடத்தையும் முறையையும் பார்க்கும் இந்த ஏற்பாட்டிடம் கற்க நிறைய உண்டு.

இதைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘பாடு’ முறையில் பங்கு குறிப்பிட்ட ஊர்களின் குறிப்பிட்ட குடும்பங்களுக்கே உரியது. கையால் இறால் பிடிக்கும் இருளர் போன்றோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். நல்ல இடங்களில் அவர்களுக்கு முறை இல்லை. பழைய முறையை அரசு அங்கீகரிக்கும் நாள் வந்தால், அந்தப் பட்டியலை அப்படியே ஏற்காமல், விடுபட்டவர்களையும் சேர்த்தபின் அங்கீகரிக்க வேண்டும்.

சிறிய மீன் வாங்குவது தவறு என்று என் மகள் பள்ளியில் படித்துவிட்டு வந்து நெத்திலி வாங்கவே விடமாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?
– வாசகர், வியாசர்பாடி

சிறிய மீன் வேறு, குஞ்சு மீன் வேறு என்று மகளிடம் சொல்லுங்கள். நெத்திலி முழுதாக வளர்ந்தாலும் அவ்வளவுதான். விரைவில் முதிர்ந்து, அதிகமாக முட்டையிட்டு, குறுகிய காலம் வாழும் மீன் அது. கவலை மீன், காரப்பொடி போன்றவையும் அப்படியே. தயங்க வேண்டியது பெரிதாக வளரும் இனத்தின் சிறிய மீனை வாங்கும்போதுதான். வஞ்சரம் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளத்தை எட்டும்போதே முதல்முறை முட்டையிடத் தயாராகிறது. ஒரு கிலோகூட வராத வஞ்சரம் என்றால், அது ஒருமுறைகூட முட்டையிடாதது. கேரளத்தில் இதற்குச் சட்டமே உண்டு: மத்தி 10 சென்டிமீட்டருக்கும், அயிலை எனப்படும் கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு மகளைக் காசிமேட்டுக்கு அழைத்துச் செல்லும்போது பள்ளி அளவுகோலையும் அவள் கையில் கொடுங்கள். கானாங்கெளுத்தியை அவளே அளந்து பார்க்கட்டும்.